யுகேந்திரன் உட்காராத பெஞ்ச்

பிறை யுனைட்டட் குழுவின் பயிற்றுநர் அந்த ஊரை விட்டுத் தொலைய வேண்டும் என்று தைப்பூசத்தில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தவன் நான்தான். அறுபதுதான் இருக்கும் என்பாள் என் மனைவி ஜெயலெட்சுமி. அவள் எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே நான் பாதிக் குவியலை முடித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளித் தேர் எங்கள் சாலை முனைக்கு வந்துகொண்டிருந்தது. ரோடு முழுக்கத் தேங்காய். எனக்கு இடப்பக்கம் ஒரு சீனக் குடும்பம், வலப்பக்கம் தாசேக் கெலுகோரிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு பெரிய கூட்டம். அவரவருக்கு ஒரு வேண்டுதல். வீடு, பிள்ளை, மேற்படிப்பு. நான் முதல் காயைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடினேன். முருகா, அந்த யுகேந்திரன் பிறையை விட்டுப் போயிடணும். ஓங்கி அடித்த அடியில் காய் நான்காகப் பிளந்து, ஒரு துண்டு கொம்தார் கோபுரத்தின் நாற்பதாவது மாடியைத் தொட்டுத் திரும்பியது.

ஒரு காற்பந்துப் பயிற்றுநர் மேல் இவ்வளவு ஆத்திரமா என்று கேட்கிறவர் பினாங்கில் ஒரு வாரம்கூட இருந்திருக்க மாட்டார். நாங்கள் தஞ்சோங் ரோவர்ஸ், தீவுக்காரர்கள். அவர்கள் பிறை யுனைட்டட், அக்கரைக்காரர்கள். நடுவில் கொஞ்சம் கடல். மாநில லீக்கில் எட்டு வருடமாக அவர்களை நாங்கள் ஒருமுறைகூட வென்றதில்லை. யுகேந்திரன் அங்கே போய்ச் சேர்ந்தும் சரியாக எட்டு வருடம்.

எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் என் உறுமி. அக்கரைக்கு ஓடும் ஃபெரிப் படகில் முப்பத்தோரு வருடம் கயிறு இழுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாள் நான் வாங்கியது அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் பல்வலி வந்த எருமை போல முனகும். பத்து வருடத்தில் எங்கள் திடலில் அது நாற்பத்தாறு கோல் போட்டிருக்கிறது. பந்தை உதைத்தது வேறு யாராகவாவது இருக்கலாம். அந்த உறுமிக்கு ஏற்ற பாட்டையும் நான்தான் கட்டினேன்.

பிறை யுகேந்திரா,
பெஞ்ச விட்டு எந்திரா.

இரண்டே வரி. இரண்டாயிரம் பேர் பாடினால் பினாங்குப் பாலமே ஆடும்.

மூன்றே வாரத்தில் முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை யுகேந்திரன் பிறை யுனைட்டட்டிலிருந்து விலகினான்.

அன்று சாயங்காலம் ஷேக் அலாவுதீன் பாய் கடையில் கூடினோம். எங்கள் ரசிகர் மன்றத்துக்கு பாய்தான் தலைவர். அவர் கடையில் ஐந்து மேசையை இழுத்துச் சேர்த்தால் அதுதான் மன்றம். தேங்காய்க் கதையை நான் நான்காவது தடவை சொல்லி முடித்தபோது கோகுலன் வாயைத் திறந்தான். தினமும் பாலம் தாண்டிப் பிறையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன் அவன். சந்தோஷத்தின் நடுவில் சந்தேகம் கேட்பது அவன் பிறவிக் குணம்.

"அண்ணே, அங்க விட்டுட்டான்னா வேற எங்கயாச்சும் போகணும்தானே. நம்மகிட்டயே வந்துட்டா?"

நான் நாற்காலி மேல் ஏறினேன்.

"யுகேந்திரன் என்னைக்கி நம்ம பெஞ்சுல குந்துறானோ, அன்னைக்கி இந்த உறுமிய ஃபெரியிலேர்ந்து கடல்ல தூக்கிப் போட்டுடுறேன். இது அய்யாக்கண்ணு வாக்கு."

பாயின் மகள் ஷாஹிரா கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தாள். "அங்கிள், இன்னொரு தடவ சொல்லுங்க. லைட் சரியா விழல."

இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை கையையும் வீசிச் சொன்னேன். நன்றாகவே வந்திருந்தது.

வியாழக்கிழமை காலையில், தஞ்சோங் ரோவர்ஸின் நீலச் சட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு யுகேந்திரன் சிரிக்கிற படம் என் கைப்பேசிக்கு இருநூற்றுப் பதினான்கு முறை வந்தது. ஒவ்வொரு படத்தின் வாலிலும் நான் நாற்காலி மேல் நிற்கிற காணொளி.

ஜெயலெட்சுமி காப்பிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். "போகணும்னு வேண்டிக்கிட்டீங்க. எங்க போகணும்னு சொன்னீங்களா?"

"அது சாமிக்குத் தெரியாதா?"

"அதுக்கு என்ன தெரியும். நம்ம வூட்டுக்காரர் இவ்ளோ ஆசயா கூப்பிடறாரேன்னு அனுப்பி வச்சிருக்கு."

கடைக்குப் போனேன். எழவு வீட்டுக்குக்கூட இதைவிடக் கூட்டம் குறைவாகத்தான் வரும்.

"எட்டு வருஷம் ஏசினோம்" என்றார் பாய், குழம்புக் கரண்டியை ஆட்டிக்கொண்டே. "இப்ப கை தட்டணுமா? இந்தக் கை கறி ஊத்துற கை. அவனுக்குத் தட்டாது."

"உங்களுக்கு என்னா பாய், கடையிலயே இருப்பீங்க" என்றான் கோகுலன். "நான் இப்ப வேலைக்குப் போகணும். வாசல்லயே ஜெகதீஸ்வரி அக்கா நிப்பாங்க."

ஜெகதீஸ்வரி அவன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பிறை யுனைட்டட் ரசிகர்களுக்குத் தலைவி. இரண்டு வேலையையும் ஒரே குரலில் செய்கிறவள்.

"அந்தம்மா என்னா சொல்லும்?"

"நேத்து வரைக்கும் திருடன் திருடன்னு கத்துனீங்க, இப்ப அவனுக்கே வூட்டுச் சாவியக் குடுத்துட்டீங்களான்னு கேப்பாங்க. நான் என்னா பதில் சொல்றது?"

ஸுல்கிஃப்லி மூலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். மீன்பிடிப் படகு வைத்திருப்பவன், எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறவன். "நல்ல கோச் லா" என்றான், நெத்திலியை வாயில் போட்டுக்கொண்டு. "எட்டு வருஷம் நம்மள அடிச்சான். திறமை இல்லாமலா அடிச்சான்?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் மனிதர்கள் பேச்சை மாற்ற வேறு விஷயம் தேடுவார்கள். ஐந்து மேசையும் ஒன்றாக என் காலடியைப் பார்த்தது. அங்கே நீல வெல்வெட் உறைக்குள் உறுமி இருந்தது.

"அப்ப, அண்ணே" என்றான் கோகுலன் மெதுவாக, "எந்த ஃபெரி?"

சனிக்கிழமை யுகேந்திரன் தனியாகக் கடைக்கு வந்தான். காடியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்தான். பாய் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும், நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. திடலின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கொம்பு இருப்பது போலத் தெரிந்தவன், கிட்டத்தில் பார்த்தால் சாதாரண மனிதன். நேரே என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் சொன்னான்.

"உறுமி அண்ணன் நீங்கதானே."

"ஆமா."

"வீடியோ பாத்தேன். நீங்க சொன்னத நல்லா கேட்டேன். நான் உங்க பெஞ்சுல குந்துற அன்னைக்கின்னுதான் சொன்னீங்க." தே தாரிக்கின் நுரையை ஊதினான். "எட்டு வருஷமா நான் எந்த பெஞ்சுலயும் குந்துனதே இல்லண்ணே. நீங்க எந்திரா எந்திரான்னு பாடுவீங்க. நான் குந்தியிருந்து எந்திரிச்சா உங்க பேச்சக் கேட்ட மாதிரி ஆயிடும். அதனால மொத நிமிஷத்துலேர்ந்தே நின்னுடுவேன். இப்ப அதுவே பழகிப் போச்சு. இங்கயும் நிக்கத்தான் போறேன். அதனால உறுமி கடலுக்குப் போக வேண்டியதில்ல."

பக்கத்து மேசையில் யாரோ "அட" என்றார்கள்.

"எனக்கு அந்த உறுமி வேணும்" என்றான் யுகேந்திரன். "இங்க ஆட வரும்போதெல்லாம் நான் கத்துறது ஒன்னும் எங்க பசங்க காதுல விழாது. கைச்சாடையிலயே ஆட்டத்த ஓட்டினேன். பிறைக்கு வரப்போற புது கோச்சுக்குக் கைச்சாடை தெரியாது."

அதுவரை நான் 'அவன்' என்றுதான் சொல்லி வந்தேன். அந்த இடத்திலிருந்து 'அவர்'.

வேறு எவனாக இருந்தாலும் அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பான். எனக்கு அது தேவைப்படவில்லை. முந்தின இரவே நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். அதில் எனக்கு எக்கச்சக்கமான பெருமை.

"வாக்கு வாக்குதான் தம்பி" என்றேன். "நீங்க குந்தினா என்னா, நின்னா என்னா. அடுத்த சனிக்கிழம, சீசன் தொடங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, உறுமி கடலுக்குப் போகும். அய்யாக்கண்ணு சொன்னதச் செய்வான்."

பாய் கரண்டியை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஷாஹிரா அதையும் பதிவு செய்தாள்.

திட்டம் இதுதான். முப்பத்தோரு வருடம் அந்தக் கடல் மேல் போய்வந்தவன் நான். அதன் நீரோட்டம் எனக்கு என் உள்ளங்கை ரேகையைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சனிக்கிழமை பத்தரை மணிக்கு நடுக்கடலில் எதைப் போட்டாலும் அது தீவுப் பக்கமே வந்து ஒதுங்கும். அங்கே ஸுல்கிஃப்லி தூண்டிலைப் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருப்பான். உறுமி மிதக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் மூடிய பீப்பாய் அது. தோல் நனையாது, ஏனென்றால் வெல்வெட் உறைக்குள் நாலு சுற்றுக் கறுப்புப் பிளாஸ்டிக். ஒரு மாதம் கழித்து, "முருகனே திருப்பிக் கொடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டு உறுமியோடு திடலுக்குள் நுழைவேன். கோயிலே கட்டுவார்கள்.

நான் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தபோது ஜெயலெட்சுமி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"கடல்ல போடற சாமானுக்கு எதுக்கு ரெயின்கோட்டு?"

"மரியாதை."

"ம்" என்றாள். அவளுடைய 'ம்' ஒரு முழு வழக்கு விசாரணை.

சனிக்கிழமை காலை பத்து இருபது மணி ஃபெரிக்கு நான் படகுத் துறையில் தயாராக நின்றேன். நான், உறுமி, சாட்சிக்குப் பாய், மூன்று பேர் என்று நினைத்திருந்தேன். பாய் ஐம்பது பேரைக் கூட்டி வந்துவிட்டார். பேனர் அடித்திருந்தார்கள், அதில் என் படத்தைவிட உறுமி படம் பெரிது. கெப்பாலா பத்தாஸில் கல்யாணமாகிப் போன ரசிகை ஒருத்தி குழந்தையோடு இக்கரைக்கே வந்திருந்தாள். யுகேந்திரனும் வந்திருந்தார். ஒவ்வொருத்தரும் உறுமியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பத்து இருபது ஃபெரி போனது. பாய் பேசத் தொடங்கினார். அடுத்த ஃபெரியும் போனது. நான் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க, என் துக்கம் தாளவில்லை என்று நினைத்து எல்லோரும் என் முதுகைத் தடவினார்கள்.

கடைசியில் நாங்கள் ஃபெரி ஏறியபோது மணி பதினொன்று நாற்பது. மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற தளத்தின் கம்பியோரம் போய் நின்றேன். பணியில் இருந்தவன் துளசி, ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பழகியவன்.

"அண்ணே, கடல்ல குப்ப போடக் கூடாது."

"இது குப்ப இல்லப்பா. சபதம்."

துளசி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தான். "சபதத்தப் பத்தி ஒன்னும் போடல" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

போட்டேன். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்ததில் ஃபெரி ஒரு அடி முன்னால் நகர்ந்தது. உறுமி முங்கியது. பிறகு மேலே வந்தது.

"மிதக்குது" என்றான் கோகுலன்.

"உசுரு பிரிய நேரமாகும்" என்றேன்.

அது தீவுப் பக்கம் போகவில்லை. நீரோட்டம் திரும்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. என் உறுமி, நீல வெல்வெட் போட்ட என் உறுமி, அக்கரையைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுலாப் பயணி போல நிதானமாகப் போயிற்று. தூரத்தில் ஸுல்கிஃப்லி தூண்டிலைச் சுருட்டி மோட்டாரை இழுத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு இழுவைப் படகு, பின்னால் தேர் போல நீளமான தோணியைக் கட்டிக்கொண்டு குறுக்கே வந்தது. அது தாண்டி முடித்தபோது கடலில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்று மணிக்குக் கோகுலன் கூப்பிட்டான். "அண்ணே, ஃபேஸ்புக்க தொறக்காதீங்க."

திறந்தேன். ஜெகதீஸ்வரி, பிறை யுனைட்டட்டின் மஞ்சள் சட்டையில், என் உறுமியைக் குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கீழே எழுதியிருந்தது: கோச்சை நீங்கள் எடுத்தீர்கள், உறுமியைக் கடல் எங்களுக்குக் கொடுத்தது, சரிக்குச் சரி.

அதை எங்கள் மேலேயே அடிக்கப் போகிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. ஏனென்றால் சீசனின் முதல் ஆட்டம், எங்கள் திடலில், பிறையோடு. அந்த ஆட்டம் முடிவதற்குள் என் உறுமி என் தோளுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வருடம் முழுக்க அது அவர்களுக்காக முனகும், நான் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆட்டத்தன்று எங்கள் ஆட்கள் குழம்பிப் போயிருந்தார்கள். யுகேந்திரன் திடலுக்குள் வந்தபோது கை தட்டுவதா ஏசுவதா என்று தெரியாமல் பாதிப் பேர் தொண்டையைச் செருமினார்கள். பழக்கதோஷத்தில் ஒருவர் "எந்திரா" என்று ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவர் தொடையில் கிள்ளியதும் நிறுத்தினார். யுகேந்திரன் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோட்டோரம் போய் நின்றார். அவருக்கும் இது சின்ன ஆட்டம் இல்லை. இதில் தோற்றால், பிறையின் உளவாளியை நாமே கூப்பிட்டு உட்கார வைத்தோம் என்று சொல்லப் பாய் கடையில் ஐந்து மேசையும் தயாராக இருந்தது.

இருபதாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஆனால் என்னால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் எவனோ என் உறுமியை அடித்துக்கொண்டிருந்தான். தேய்க்கிற முகத்தை அடித்தான், அடிக்கிற முகத்தைத் தேய்த்தான். கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை போலக் கத்தியது. என் பல்லெல்லாம் கூசி, மேல் வரிசையில் இரண்டு ஆடவே ஆரம்பித்தது.

இடைவேளையில் திடலைச் சுற்றிக்கொண்டு பிறை ரசிகர்கள் பக்கம் போனேன். மஞ்சள் சட்டைக் கடலில் ஒரு நீலச் சட்டை. வழி விட்டார்கள். ஜெகதீஸ்வரி படிக்கட்டில் உட்கார்ந்து கச்சான் பூத்தே வறுகடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அய்யாக்கண்ணு அண்ணே. சாமான் நல்லா மிதந்துச்சு."

"திருப்பிக் குடுத்துடும்மா."

"கடல்ல போட்டத எப்படித் திருப்பிக் கேப்பீங்க?" குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒரு சந்தேகம்ண்ணே. கடல்ல தொலைக்கிற உறுமிக்கு எதுக்கு நாலு சுத்து பிளாஸ்டிக்? நானும் தொழிற்சாலையில பேக்கிங்தான் பாக்கறேன். ஏற்றுமதிச் சாமானுக்குக்கூட நாங்க ரெண்டு சுத்துதான் போடுவோம்."

பேச வாய் வரவில்லை. என் வாழ்நாளில் அது இரண்டாவது முறை. முதல் முறை என் கல்யாணத்தன்று.

"ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். "யாருக்கும் அனுப்பல. நீங்க நல்லா நடிச்சீங்கன்னு எனக்கும் ஒரு மரியாதை. உறுமி உங்களுக்கு வேணும்னா ஒன்னு செய்யுங்க. ரெண்டாவது பாதியில பத்து நிமிஷம் எங்களுக்காக அடிங்க. பத்து வருஷம் அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டோம். ஒரு தடவ இந்தப் பக்கத்துல கேக்கணும்."

எதிரே என் கூட்டத்தைப் பார்த்தேன். பாயின் தலை தெரிந்தது, கோகுலன் தெரிந்தான், ஷாஹிராவின் கைப்பேசி தெரிந்தது. பக்கம் மாறுகிறவனைத் துரோகி என்று இதுவரை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு உறுமியைத் தோளில் மாட்டினேன்.

பேருக்குத் தட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு வாரம் கண்டவன் கையில் சீரழிந்த வாத்தியம், என் கை பட்டதும் ஒரு முனகு முனகியது பாருங்கள், அதற்குப் பிறகு என்னால் மோசமாக அடிக்க முடியவில்லை. இழுத்தேன். உருட்டினேன். மஞ்சள் சட்டைகள் முதலில் வாயைப் பிளந்தன, பிறகு ஆடத் தொடங்கின. ஜெகதீஸ்வரி கச்சான் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆடினாள். நான் அடிக்கத் தொடங்கிய எட்டாவது நிமிடத்தில் பிறை யுனைட்டட் கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஏச்சு என் வாழ்நாளில் நான் கேட்ட ஏச்சிலேயே ஆகச் சிறந்தது. மூன்று மொழியிலும் இருந்தது. பாயின் குரல் தனியாகக் கேட்டது: "கண்ணு அண்ணே, இனிமே என் கடைப் பக்கம் வந்துடாதீங்க." கோட்டோரத்தில் யுகேந்திரன் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் திடலில் அன்றைக்கு என் நிலைமை புரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

பத்து நிமிடம் முடிந்தது. ஜெகதீஸ்வரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பேச்சு பேச்சுதான். கொண்டு போங்க. ஃபோட்டோவ அழிச்சுட்டேன். பிளாஸ்டிக்க மட்டும் நான் வச்சுக்கிறேன்."

உறுமியைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடந்தேன். ஒரு கிலோமீட்டர் தூரம் அது. ஜெயலெட்சுமி கேட்டால் நூறு மீட்டர் என்பாள். என் பழைய இடத்தில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே குச்சியை எடுத்தேன்.

"எந்தப் பக்கம்னு சொல்லிட்டு அடிங்க" என்றான் கோகுலன்.

"உறுமிய மீட்கறதுக்குப் போனேன்டா. அவுங்க கேட்ட வாடகை பத்து நிமிஷம். நம்ம கோச்ச எட்டு வருஷம் அவுங்க வாடகைக்கு வச்சிருந்தாங்க, நாம ஒன்னும் கேக்கலியே."

ஸுல்கிஃப்லி முதலில் சிரித்தான். பிறகு ஷாஹிரா. பாய் சிரிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்தார். ஒரு உறுமி வைக்கிற அளவுக்கு இடம் கிடைத்தது.

அப்புறம் அடித்தேன். ஆயர் ஈத்தாம் மலையில் குரங்குகள் மரத்திலிருந்து விழுந்தன என்று மறுநாள் கேள்விப்பட்டேன். பிறையின் புதுக் கோச் கோட்டோரத்தில் நின்று கத்தினார், கத்தினார், அவர் ஆட்கள் காதில் ஒன்றும் விழவில்லை. யுகேந்திரன் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு விரலைத் தூக்கினார், இடது கையை மடக்கினார். புது ஆட்டக்காரர்கள், ஆனால் இரண்டே வாரத்தில் அந்தச் சாடை முழுக்கக் கற்றிருந்தார்கள். எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் பந்து இடது பக்கம் போய், உள்ளே வந்து, வலைக்குள் விழுந்தது. நாற்பத்தெட்டாவது கோல். முதல் பாதியில் போட்டதையும் நான் என் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன், உறுமி அப்போதும் திடலில்தான் இருந்தது.

எட்டு வருடம் தேங்கியிருந்த சத்தம் ஒரேயடியாகக் கிளம்பியது. விசில் அடித்து ஆட்டம் முடிந்தது. பாய், கறி ஊற்றுகிற இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார், விடாமல் தட்டினார். யுகேந்திரன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு எட்டு வருடப் பழக்கத்தை மறந்து நாலு அடி பின்னால் போய், பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதலில் கவனித்தவள் ஷாஹிரா. "அங்கிள்" என்றாள். அவள் கைப்பேசி ஏற்கனவே என் பக்கம் திரும்பியிருந்தது. "கோச் குந்திட்டாரு."

கூட்டம் திரும்பியது. கோகுலன் என் தோளில் தொங்கிய உறுமியைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், மறுபடியும் உறுமியைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நீங்க வாக்குக் குடுத்தது இன்னைக்கிதான் கணக்குக்கு வருது. அன்னைக்கி அவரு குந்தவே இல்ல. எந்த ஃபெரி?"

எதிர்ப்பக்கத்தில் ஜெகதீஸ்வரி ஒரு பெரிய கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கொடி போலத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள். அது என்ன என்று பாய் கேட்டார். தோற்றவர்கள் துக்கக் கொடி என்றேன்.

பிறகு குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு ஷாஹிராவிடம் லைட் சரியாக விழுகிறதா என்று கேட்டேன். விழுகிறது என்றாள்.

"அம்பது பேர் சாட்சியா நான்தான் போன சனிக்கிழமையே போட்டுட்டேனே" என்றேன். "அவரு குந்துறதுக்கு லேட்டாக்கினா அதுக்கு நானா பொறுப்பு? இது அட்வான்ஸ்."